14ஆம் மாதம் துரு, 20ஆம் மாதம் பிரேக்: என் பிக்கப் வண்டியோடு மூன்று ஆண்டுகள்

புதிதாக வாங்கிய பிக்கப் வண்டி. மூன்று ஆண்டுகளில் 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின், கியர், கிளட்ச் எதிலும் குறை இல்லை. அவற்றைப் பற்றி எழுதவும் எதுவும் இல்லை. என்னை அலைக்கழித்ததெல்லாம் வண்டிக்கு அடியில்தான் இருந்தது.

14ஆம் மாதம், பஞ்சரான பின்சக்கரத்தைக் கழற்றக் குனிந்தபோது கண்ணில் பட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டிங் வைத்த இடம் நெடுகிலும் காவி நிறம். விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்ற தெம்பில் சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் உத்தரவாதம், மேலே படியும் துருவுக்குக் கிடையாது என்றார்கள். கையேட்டைப் புரட்டினேன், அப்படித்தான் அச்சிட்டிருந்தது. வாங்கும்போது படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. தார் போன்ற கறுப்புப் பூச்சு ஒன்றை வாங்கி, துருவின் மேலேயே தடவினேன். பார்க்கப் புது வண்டி போல் ஆகிவிட்டது. நான்கு மாதம் கழித்துப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றைக் கீறினால் உள்ளே ஈரம், ஈரத்துக்குக் கீழே முன்பைவிடத் தடித்த துரு. துருவுக்கு நானே போர்வை போர்த்தி வளர்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். அடிப்பகுதியை நன்னீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். உதிர்வதையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, உப்புத்தாள் போட்டேன். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி. அது மிச்சத் துருவைக் கறுப்பான பாஸ்பேட் படலமாக மாற்றிவிடும். அதன்மேல் ப்ரைமர், பெயின்ட். சேசிஸ் சட்டம் பெட்டி போல் மூடியது. அதன் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சேறு அடைத்திருந்தது. குத்தி எடுத்ததும் உள்ளே தங்கியிருந்த தண்ணீர் கொட்டியது. அந்தத் துளைகள் வழியாகவே மெழுகுத் திரவத்தைப் பீய்ச்சினேன். அந்த இடங்களில் இன்றுவரை துரு திரும்பவில்லை.

பழியில் என் பங்கும் உண்டு. வாரம் இருமுறை கடலோரச் சாலையில் ஓட்டம். திரும்பியதும் மேலே மட்டும் பளபளவென்று கழுவி, ஈரத்தோடு நிறுத்திவிடுவேன். உப்பு அடியிலேயே கிடந்து வேலை பார்த்தது.

20ஆம் மாதம் பிரேக். மெதுவாக மிதித்தாலே வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயர் காற்று, அலைன்மென்ட் எல்லாம் சரி. ஒருநாள் நிறுத்தி இறங்கியபோது வலப்பக்க முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. கையை அருகில் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் இரண்டு பிரேக் பேடுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் மிச்சம், உள்பக்கத்தில் 2 மட்டுமே. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. காலிப்பர் நகராவிட்டால் பிஸ்டன் தள்ளும் உள்பேடு மட்டுமே தேயும், பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்கோடு உரசிக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரத்தில் பிடி குறைந்ததால்தான் வண்டி எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது.

அதற்கு முந்தைய இரண்டு சர்வீஸ் தாள்களிலும் "பிரேக் சரி" என்று டிக் இருந்தது. சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பேடுதான் தெரியும். அதுவோ நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து சக்கரத்தைக் கழற்றாமல் போட்ட டிக்கை நான் நம்புவதில்லை.

பின்களைச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளை மாற்றி, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் கூடாது. அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். பேடுகளை இருபுறமும் சேர்த்தே மாற்றினோம். பிரேக் ஆயிலும் பழுப்பேறியிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. பாரத்தோடு மலை இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் விளையாட்டல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. காலி வண்டியில், மழையில், பிரேக் மிதித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. அதன் நெம்புகோல் துருவேறி, பாரம் ஏற்றிய நிலையிலேயே நின்றுவிட்டிருந்தது. வண்டி காலியாக இருப்பது அதற்குத் தெரியவே இல்லை. நெம்புகோலின் இணைப்பைத் தளர்த்தி, சுத்தம் செய்து, அளவை மறுபடி வைத்ததும் சரியாயிற்று. மூன்று பட்டறைகளில் ஒருவர்தான் அங்கே குனிந்து பார்த்தார். இப்போது என் வேலையெல்லாம் அவரிடம்தான்.

இதே வண்டியை மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், முதல் பாரம் ஏற்றுவதற்கு முன்பே சேசிஸுக்குள் மெழுகு அடித்துக்கொண்டு. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரங்களையும் கழற்றி, பின்களைக் கையால் அசைத்துப் பார்க்கிறேன். போன வாரம் பார்த்ததில் பிரேக் நன்றாக இருக்கிறது. இடப்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் போல்ட்டில் மட்டும் மறுபடி காவி தெரிகிறது. மழைக்கு முன் அதைக் கழற்ற வேண்டும்.