டாம் காசுவலா, பிரஷ் ஸ்கிரிப்டா, மிஸ்ட்ரலா?

உறவினர் ஒருவரின் பேக்கரிக்குப் பெயர்ப்பலகையும் லேபிளும் வடிவமைக்கும் வேலை வந்தது. ஆங்கிலப் பெயர் தூரிகையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்றார். மூன்று எழுத்துருக்களை எடுத்துப் பார்த்து, டாம் காசுவலை முடிவு செய்தேன்.

மூன்றும் ஏறக்குறைய ஒரு தலைமுறை. ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்டை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் 1942இல் வெளியிட்டது. பீட்டர் டோம்ப்ரேசியனின் டாம் காசுவல் 1950களின் தொடக்கத்தில் வந்தது. பிரான்ஸின் ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தையே வைத்து உருவாக்கிய மிஸ்ட்ரல் 1953ஆம் ஆண்டினது. அழகென்று பார்த்தால் மிஸ்ட்ரலுக்குத்தான் முதலிடம். ஈய அச்சில் தனித்தனியாக வார்த்த எழுத்துகள் ஒரே மூச்சில் எழுதியதுபோல் ஓடுவது இன்றும் வியப்புதான். அதுவும் பிரஷ் ஸ்கிரிப்டும் பல கணினிகளில் ஆபீஸ் மென்பொருளோடே வந்துவிடுகின்றன. டாம் காசுவலுக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும்.

ஆனாலும் வாங்கினேன். காரணம் ஒன்றே: அதன் எழுத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை.

கடைக்காரர்கள் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே (கேப்பிட்டல்) கேட்பார்கள். பிரஷ் ஸ்கிரிப்டின் பெரிய எழுத்து, சொல்லின் முதலில் ஒன்று நிற்பதற்காக வரைந்தது; வரிசையாக வைத்தால் முட்டி மோதிக்கொண்டு, எதிர்ச்சாரியிலிருந்து படிக்கவே முடியாது. நீளமான பலகையை நிரப்ப இடைவெளி கூட்டினாலோ, சிறிய எழுத்துகளின் இணைப்புக் கோடுகள் பாதியில் அறுந்து தொங்கும். மிஸ்ட்ரலிலும் இதே கதைதான். டாம் காசுவலை நெருக்கலாம், தள்ளலாம், முழுக்கப் பெரிய எழுத்திலும் அடுக்கலாம். தூரிகையை எடுத்த இடத்தின் மழுங்கிய முனை அப்படியே தெரியும்.

பலகையில் ஒட்டும் வினைல் தாளில் எழுத்துகளை வெட்டும்போது இது இன்னும் நன்றாக விளங்கும். இணைந்த எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், வெளிக்கோடுகளை முதலில் ஒன்றாக்காவிட்டால் கத்தி ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்கே வெட்டிவிடும். அப்படி ஒன்றாக்கி ஒட்டிய சொல்லில் ஓர் ஓரம் வெயிலில் உரிந்தால் முழுச் சொல்லையும் பெயர்த்தெடுக்க வேண்டியதுதான். தனி எழுத்தென்றால் உரிந்ததை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். வெயிலும் மழையும் நேராக அடிக்கும் முகப்புக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்பேன்.

மூன்றிலும் தமிழ் இல்லை. தமிழ் வரிக்குத் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் என்ற தமிழ் எழுத்துருவை வைத்தேன். அது சாய்வெழுத்து என்பதால், நிமிர்ந்த டாம் காசுவலைவிட அதன் சாய்ந்த வடிவமான டாம் டயகனல் இன்னும் பொருந்தக்கூடும். அதை நான் பயன்படுத்தியதில்லை. கைப்பேசித் திரையில் எப்படி என்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் பலகையோடும் காகிதத்தோடும் நிற்கிறது. அழைப்பிதழில் பெரிதாக ஒரே ஒரு பெயர் போடுவதானால், யோசிக்காமல் மிஸ்ட்ரலை எடுப்பேன்.