சூடு கிடைத்தது, ஈரம் போகவில்லை: மான் வேட்டைக்கு ஒரு மஃப்

வேட்டை லைசன்ஸ் புதிதாக எடுத்திருக்கும் தம்பி ஒருவர் போன கிழமை தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, நீங்கள் இடுப்பில் கட்டுகிற அந்த மஃப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கவா?" ஜனவரி வந்தால் வேட்டைச் சாமான்கள் எல்லாம் இப்படித்தான் விலை இறங்கும். "ஓம், உடனே வாங்குங்கள்" என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அன்றுதான் என்னுடையதைத் தையல்கடையிலிருந்து திருப்பி எடுத்து வந்திருந்தேன், மனம் ஆறவில்லை. "பொறுங்கள், எழுதியே தருகிறேன்" என்றேன்.

மஃப் எப்படி இருக்கும் என்று பலருக்கும் தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் பந்து எறிகிறவர் குளிர் நாளில் இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கையை நுழைப்பாரே, அதுதான். என்னுடையதற்கு வெளியே நீர்புகாத துணி, உள்ளே தடித்த ஃபிளீஸ், முன்னால் சிப் வைத்த ஒரு பை, இடுப்புக்குப் பட்டி. பல குளிர்காலங்களாகப் பாவிக்கிறேன். அது இல்லாமல் நான் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறுவதில்லை.

நான் போவது ஒன்ராறியோவில் ஹலிபேர்ட்டன் பக்கம், நவம்பர் ரைஃபிள் பருவத்துக்கு. கனடாக் குளிர் என்றவுடன் எல்லோரும் மைனஸ் இருபதைத்தான் நினைக்கிறார்கள். கைக்கு அது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. மைனஸ் 15 இல் விழும் பனி மாவு போல இருக்கும், தட்டிவிட்டால் போய்விடும். கையைக் கொல்வது பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலேயும் கீழேயும் நிற்கும் நவம்பர் நாள். காலையில் தூறல், பத்து மணிக்கு ஈரப்பனி, மத்தியானம் மறுபடி தூறல். விழுவதெல்லாம் துணியில் ஒட்டி உருகும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தும். எனவே ஈரக் கையுறைக்குள் இருக்கும் கைக்கு வெளியே பிளஸ் ஒன்று என்பது ஆறுதலே இல்லை.

அதிலும் வேட்டை என்றால் அசையாமல் இருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்தே சுடச் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் இருட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவோம். விரலை அசைக்கும் தசைகள் விரலில் இல்லை, உள்ளங்கையிலும் முன்கையிலும்தான் இருக்கின்றன. விரல் தானாகச் சூடு உண்டாக்குவது சொற்பம். இரத்தம் கொண்டுவருகிற சூடுதான் அதற்குக் கதி. உடம்பு குளிரத் தொடங்கினால் நடுவுடலைக் காப்பாற்ற விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். தொப்பியும் கழுத்துச் சால்வையும் சரியில்லாதவர் எவ்வளவு விலையான கையுறை வாங்கினாலும் கை விறைக்கத்தான் செய்யும். இதைத் தம்பிக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மஃப் வாங்குவதற்கு முன் நான் பாவித்தது தடித்த, நீர்புகாத கையுறை. வெளித்தோல், நடுவில் கோர்-டெக்ஸ் போன்ற ஒரு சவ்வு, உள்ளே மெத்து. கடையில் போட்டுப் பார்க்கும்போது அருமையாக இருக்கும். காட்டில் இரண்டு குறை. ஒன்று, அந்தத் தடித்த விரலோடு துவக்கின் விசைக் காப்புக்குள் போவது ஆபத்து. விசையில் விரல் பட்டதா இல்லையா என்றே தெரியாது. மற்றது, கை கொஞ்சம் ஈரமாக இருக்கும்போது கழற்றினால் உள்துணியும் விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பிறகு ஐந்து விரல் குழாய்களும் உள்ளே சுருண்டு கிடக்கும். சுண்டுவிரலுக்கு வழி தேடினால் மோதிரவிரல் வழியை அடைத்துக்கொள்ளும். இருட்டில், பதினைந்து அடி உயரத்தில், பல்லால் கையுறையைக் கடித்து இழுத்துக்கொண்டு யாராவது நின்றிருந்தால் நான் சொல்வது விளங்கும்.

மஃப் அந்தத் தொல்லை முழுவதையும் ஒரே நாளில் தீர்த்தது. கையில் மெல்லிய மெரினோக் கம்பளிக் கையுறை மட்டும் போட்டால் போதும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, பருத்தியில் அது நடக்காது. மெல்லிய கையுறையோடு இரண்டு கையையும் மஃப்புக்குள் விட்டு, துவக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கலாம்.

இதன் அருமை மான் வரும் அந்தக் கணத்தில்தான் தெரியும். ஹெம்லொக் மரங்களுக்கு இடையில் முதலில் ஒரு காது அசையும், பிறகு மூக்கு, பிறகு கொம்பின் ஒரு கிளை. அது தலையை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோகும் வரை காத்திருந்து வலது கையை வெளியே எடுக்கிறேன். சத்தமே இல்லை. வெல்க்ரோ இருந்தால் அந்தக் கிழிசல் சத்தத்துக்கே மான் போய்விடும். இதில் வெறும் ரப்பர் விளிம்பு. கட்டைவிரல் துவக்கின் சேஃப்டியை, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை, தேடவில்லை, நேரே அதன் மேல் போய் நிற்கிறது. அதன் சொரசொரப்புக்கூடத் தெரிகிறது. விரல் சூடாக இருந்தால்தான் விசையின் முதல் இழுவை முடிந்து இறுகும் இடத்தை உணர முடியும். மெத்துக் கையுறைக் காலத்தில் இது எனக்குக் கிடைத்ததே இல்லை. இதற்காகவே இதை வடிவமைத்தவரின் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

சூட்டுப் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அது வேலை செய்யவில்லை" என்று பலர் குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடையில் சோடியாக விற்கும் அந்தச் சின்னப் பைக்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. காற்று இல்லாவிட்டால் சூடும் இல்லை. மஃப்பின் இறுக்கமான உள்பையில் அமுக்கி வைத்தால் சீக்கிரமே ஆறிவிடும். வெளியே எடுத்துக் குலுக்கி இரண்டு நிமிடம் காற்றுக் காட்டினால் மறுபடி உயிர் வரும். மாலையில் மிச்சம் இருந்தால் காற்றை வெளியே அமுக்கிவிட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். துரு நின்றுவிடும், அடுத்த நாள் காலைக்கு உதவும். அதை உள்ளங்கையில் பிடிப்பதைவிட மணிக்கட்டின் உள்பக்கத்தில், கையுறைக்கு மேலாக வைப்பது நல்லது. இரத்தக் குழாய் தோலுக்குக் கிட்ட ஓடும் இடம் அது. நாஃப்தா ஊற்றிப் பற்ற வைக்கும் உலோகச் சூடாக்கியும் பாவித்திருக்கிறேன். சூடு அபாரம், ஆனால் அந்த எண்ணெய் மணத்தோடு மானுக்கு மேல்காற்றில் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை. மீன் பிடிக்கப் போனால் அதுதான் என் தெரிவு. பற்றரியில் ஓடுவது வசதி. குளிரில் லித்தியம் பற்றரியின் தாக்குப்பிடிப்பு குறையும் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சரி, இவ்வளவு புகழ்ந்தவனுக்கு என்ன கோபம்?

உள்ளே இருக்கும் ஃபிளீஸ் துணியை வெளித்துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கழற்ற முடியாது. முழுதாகப் புரட்டவும் முடியாது, பாதியில் இறுகி நின்றுவிடும். பொருளில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான், ஆனால் இந்த ஒரு குறையே ஒவ்வொரு பருவத்தையும் நாசமாக்குகிறது.

பரணில் இருக்கும்போது மஃப் மடியில் ஒரு தொட்டி மாதிரிக் கிடக்கும். ஈரப்பனி அதன் மேல் விழுந்து, உடம்புச் சூட்டில் உருகி, சிப் ஓரமாகவும் தையல் துளை வழியாகவும் உள்ளே இறங்கும். ஜக்கெற் கையில் வழியும் தண்ணீர் நேரே மஃப்பின் வாய்க்குள் போகும். ஏணியைப் பிடித்து நனைந்த கையுறையையும் அதற்குள்தானே நுழைக்கிறோம். முதல் நாள் மாலை உள்ளே கொஞ்சம் சில்லென்று இருக்கும். வெளித்துணி தண்ணீரை உள்ளே விடுவதற்குத்தான் தயங்கும் என்று நினைத்தால், வெளியே விடுவதற்கு அதைவிட அதிகமாகத் தயங்கும். கபினில் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் இரவு முழுக்கத் தொங்கவிட்டும், காலையில் கையை விட்டால் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். இன்னும் கிட்ட வைத்தால் வெளித்துணி உருகிவிடும். இரண்டு சுள்ளியைக் குறுக்கே வைத்து வாயைத் திறந்து வைப்பேன், உள்ளே பழைய கடதாசியைச் சுருட்டித் திணிப்பேன். மூன்றாம் நாள் பூஞ்சண மணம் வரும். கிழமைக் கடைசியில், கையைக் காய வைக்க வாங்கிய பொருளுக்குள் ஈரக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஒருநாள் வேட்டைக்குப் போய் இரவு வீட்டுக்கு வருகிறவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. வீட்டில் ஹீற்றருக்கு மேலே போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வறண்ட குளிரில் வேட்டையாடுகிறவருக்கும் அப்படித்தான். ஆனால் பெட்டியில் மான் வேட்டைக்காரரின் படத்தைப் போட்டு விற்கும் நிறுவனத்துக்கு நவம்பர் மழை தெரியாமல் இருக்க நியாயம் இல்லை.

ஏனென்றால் இதற்கான தீர்வு எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மினசோட்டா, ஒன்ராறியோ வடக்குப் பக்கங்களில் விறகு வெட்டுகிறவர்கள் போடும் மான்தோல் மிற்றன்ஸை, அதாவது நான்கு விரலும் ஒன்றாகப் போகும் கையுறையை, பாருங்கள். வெளியே தோல் உறை, உள்ளே தனியாகக் கழற்றும் கம்பளி உறை. இரவில் கம்பளியை உருவி அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டு, தோலைத் தள்ளி வைப்பார்கள். காலையில் இரண்டும் காய்ந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய கபினுக்குள் எட்டிப் பார்த்தாலே போதும்.

இந்தப் பருவத்தில் முன்பை சிப்பின் இழுப்பானும் உடைந்தது. அந்தப் பைக்குள்தான் ராக் தாளை, அதாவது லைசன்ஸோடு வரும் மானுக்கான அடையாளச் சீட்டை, வைத்திருப்பேன். மான் விழுந்தவுடன், அதை நகர்த்துவதற்கு முன்பே, திகதியை ராக்கில் வெட்டி அடையாளமிட வேண்டும் என்பது இங்கே சட்டம். வீட்டில் அச்சிட்ட சாதாரணக் கடதாசி அது, நனைந்தால் கூழ். மானின் வயிற்றைத் திறக்கும் வேலைக்கான, ரப்பர் மாதிரி மெல்லிய நைற்றைல் கையுறையும் அதே பையில்தான். மெரினோவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு இதைப் போட்டால், இரத்தமும் ஈரமும் விரலுக்கு வராது. வேலை முடிந்து உலர்ந்த கையைத் திரும்ப மஃப்புக்குள் விடலாம். குளிர்கால வேட்டையில் மிக மலிவான, மிகப் பயனுள்ள பொருள் இந்த நைற்றைல் கையுறைதான்.

சிப் பழுதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, புதிது வாங்கினால் கழிவு தருவோம் என்று பதில் வந்தது. ஸ்காபரோவில் ஒரு தையல்கடை அக்காவிடம் கொண்டுபோனேன். சாரிக்கு ஃபோல்ஸ் தைக்கிற கடை, இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. இழுப்பானை மாற்றினார். பிறகு உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது எப்படிக் காயும்?" என்று கேட்டார். நான் இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அலுத்ததை அவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். இரண்டு வாயிலும் தையலைப் பிரித்து, ஃபிளீஸைத் தனிக் குழாயாக எடுத்து, ஓரத்தில் சின்ன அழுத்துப் பொத்தான்கள் வைத்துத் தந்தார். வெல்க்ரோ வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கேட்டார். மான் கதையைச் சொன்னேன், வடிவாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இப்போது உள்துணி முழுதாகக் கழன்று வருகிறது. துவைத்துக் கொடியில் போட்டேன், இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அவர் வாங்கிய கூலி, பாதி விலை மஃப்பிலும் பாதி வராது.

அந்தக் கொடியைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் கூட வந்தது. எட்டுப் பொத்தான். இவ்வளவுதான் தேவைப்பட்டது.

சின்ன விஷயங்கள் சில. மரத்தில் ஏறும்போது மஃப்பை முதுகுப் பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏணிப் படியில் சிக்கும். பாதுகாப்புப் பட்டியை முதலில் கட்டி அதற்கு மேல் மஃப்பைக் கட்ட வேண்டும், மாறிக் கட்டக் கூடாது. பரணுக்கு நடந்து போகும்போது கையை உள்ளே விட வேண்டாம். வியர்த்தால் அதுவே முதல் ஈரம். செம்மஞ்சள் நிறத்திலும் இது கிடைக்கிறது, ஆனால் மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காக ஒன்ராறியோ சட்டம் கேட்கும் 400 சதுர அங்குலச் செம்மஞ்சள் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும், அதோடு செம்மஞ்சள் தொப்பியும் வேண்டும். மஃப் அந்தக் கணக்கில் வராது.

தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். அந்தக் காசுக்குக் கழற்றும் கம்பளி உள்ள மான்தோல் மிற்றன்ஸ் ஒன்றும் மெரினோக் கையுறை இரண்டு சோடியும் வாங்குங்கள். ஒரு சோடி கையில், ஒரு சோடி நெஞ்சுப் பைக்குள் காய்ந்தபடி. மிற்றன்ஸோடு விசைக்குப் போக முடியாது, கழற்றி மடியில் போட வேண்டும், அந்த அசைவை மான் பார்க்கவும் கூடும். மஃப் அளவுக்கு அது வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். உள்துணி கழன்று வரும் மஃப் ஒன்றை இந்த நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தால், முழு விலை கொடுத்து உங்களுக்கும் சேர்த்து நானே வாங்குகிறேன்.