காடா, அலமாரியா?

மொரீஷியஸில் புது மர இனம் தேட இரண்டு வழி. மலைக்காட்டில் ஏறி இறங்கலாம். இல்லையென்றால் ரெதுயி என்ற ஊரில் உள்ள உலர்தாவரக் கூடத்தின் அலமாரிகளில், காய்ந்த செடிகள் ஒட்டிய பழைய தாள்களைப் புரட்டலாம்.

காட்டில் ஆசை அதிகம், கால்வலியும் அதிகம். சீனக் கொய்யாப் புதரை விலக்கி விலக்கியே பாதி நாள் போய்விடும். (பழம் பறித்துத் தின்றதில் மீதி நாள்.) சரி, மரத்தைக் கண்டாயிற்று என்றாலும் அது பூத்திருக்க வேண்டுமே! கருங்காலி வகைகளில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் பூ கிடைத்தால், காய்க்கு இன்னொரு மரம் தேட வேண்டும்.

அலமாரியில் வியர்வை இல்லை. 1773இல் இத்தீவிலேயே இறந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொம்மெர்சோன், பிரேசிலில் சேகரித்த காகிதப்பூவுக்கு 1789இல்தான் முறையான பேரினப் (genus) பெயர் வெளியானது. புது இனங்களில் வெறும் 16 சதவீதம்தான் சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் விவரிக்கப்பட்டன என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மற்றவை தாளுக்குள் காத்துக் கிடந்தவை.

ஆனால் ஒட்டிய கிளைக்கு வாசனை கிடையாது. பழுப்பேறிய இதழ் வெள்ளையா மஞ்சளா என்று சொல்லாது. உயிருள்ள மரம் வெளியில்தான் கிடைக்கும்: மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவில், அழிந்ததாக நினைத்த காட்டுக்காப்பியை 1980இல் கண்டெடுத்தது ஒரு பள்ளிச் சிறுவன். அதன் பேரினத்துக்கு 1982இல் பெயரிட்ட இருவரில் ஒருவர் திருவேங்கடம்; நம்ம ஊர்ப் பெயர்!

2012 முதல் புது இனத்தின் விவரிப்பை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்றில்லை, ஆங்கிலமும் போதும். அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மூலமாதிரித் தாள் மட்டும் கட்டாயம். என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்கு அலமாரி, பூக்கும் காலத்துக்குக் காடு.