ஏத்தம் பிரச்சனையே இல்லங்க, இறக்கம்தான்: பிரேக் கண்ட்ரோலர் மாத்துன கதை

டிரெய்லர் இழுக்க பிக்கப் டிரக் எடுக்குறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது எத்தன கிலோ இழுக்கும்னுதான். நானும் அப்படித்தான். ஆனா லோடோட 2700 கிலோ வர்ற டிரெய்லர மாட்டி மலை ஏறுனா என்ன ஆகும், டர்போ இல்லாத இன்ஜினா இருந்தா உசரம் போகப் போக மூச்சு வாங்கும், மெதுவா போற லேன்ல லாரிக்குப் பின்னாடி உருட்டிட்டு போயிடலாம், அவ்ளோதான். வயித்த கலக்குறது இறங்கும்போதுதான்.

டிரெய்லர் பிரேக்க வண்டிக்குள்ள இருந்து இயக்குற பெட்டிதான் பிரேக் கண்ட்ரோலர், என்கிட்ட முன்னாடி இருந்தது டைம் டிலே டைப். பெடல லேசா தொட்டாலும் சரி ஓங்கி மிதிச்சாலும் சரி, அது பாட்டுக்கு செட் பண்ண அளவுக்கு டிரெய்லர் பிரேக்க ஏத்திக்கிட்டே போகும், வளைவுக்கு வளைவு யாரோ பின்னாடி நின்னு சட்டைய புடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கும். இப்ப போட்டிருக்குறது ப்ரொபோர்ஷனல். உள்ள ஒரு சென்சார் இருக்கு, வண்டி எவ்ளோ வேகமா ஸ்லோ ஆகுதோ அதுக்கேத்த கரண்ட்டத்தான் டிரெய்லர் பிரேக்குக்கு அனுப்பும். டோ ஹால் மோட (லோடு இழுக்குறப்போ போடுற கியர் செட்டிங்) போட்டு, கியர குறைச்சு, வேகம் ஏறுனா மட்டும் நல்லா ஒரு அழுத்து அழுத்திட்டு கால எடுத்துடுறேன். பிரேக் தீயுற வாசன இந்த தடவ வரல.

கெயின் செட்டிங், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்ளோ பலமா புடிக்கணும்ங்கிற அளவு, அத மட்டும் பொறுமையா பண்ணனும். காலி இடத்துல 40 கிலோமீட்டர் வேகத்துல போயி, கண்ட்ரோலர்ல இருக்குற மேனுவல் லிவர (கையாலயே டிரெய்லர் பிரேக்க மட்டும் புடிக்கிறது) முழுசா அமுக்கி, டிரெய்லர் டயர் லாக் ஆகுற எடத்துக்கு கொஞ்சம் கீழ நிறுத்துங்க. டிரெய்லர் டேங்க்ல 100 லிட்டர் தண்ணி நெரப்புனா 100 கிலோ கூடிடும், திரும்ப ஒருவாட்டி பாக்கணும், நான் சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன், மொத இறக்கத்துலயே டிரெய்லர் பின்னாடி இருந்து வண்டிய தள்ளுனது நல்லா தெரிஞ்சுது.

அந்த மேனுவல் லிவருக்காகவே வாங்கலாம். டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா வண்டி பிரேக்க மிதிக்காம, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு இத மட்டும் அமுக்குனா நேராயிடுது. ஆனா ஒன்னு, ஹிட்ச் (வண்டியில டிரெய்லர மாட்டுற எடம்) மேல டிரெய்லர் எடையில 10ல இருந்து 15 சதவீதம் உக்காரலன்னா எந்த கண்ட்ரோலரும் காப்பாத்தாது, சாமான முன்னாடி தள்ளி வைங்க.

குறைன்னா டிஸ்ப்ளே வெளிச்சம், ராத்திரில கண்ண குத்துது, குறைக்க வழியே இல்ல. நான் கருப்பு டேப் ஒட்டியிருக்கேன். அதோட பொருத்துனவர் லிவர என் முட்டி இடிக்கிற எடத்துல வச்சுட்டார், நாலு வாட்டி சும்மா போற ரோட்டுல டிரெய்லர் பிரேக் புடிச்சிருச்சு.