கோணமலை ஏற்றமா, உப்புவெளி மணலா?

திருகோணமலையில் ஒரே ஒரு காலைப்பொழுதைக் கழிக்க வரும் உறவினரை நான் கோணமலைக்கே அழைத்துச் செல்வேன். பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்ததுமே புள்ளிமான்கள் வீதியோரம் மேய்கின்றன. பழைய கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டை இது. பின்னர் ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. அந்த இழப்பை நினைத்தபடி மேலேறினால், சம்பந்தர் பாடிய கோணேசர் இன்றும் மலைமுனையில் வீற்றிருக்கிறார். நெஞ்சு நிறைந்துவிடும். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவருகே செங்குத்துப் பாறையும் கருநீலக் கடலும். பருவம் வாய்த்தால் நீலத்திமிங்கிலம் நீர் பீய்ச்சுவதை இங்கிருந்தே காணலாம்.

நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளிக் கடற்கரையில் ஏற்றமில்லை. வெறுங்காலோடு வடக்கே நடந்தால் வள்ளங்கள், வலைகள், பிறகு சிறு கழிமுகம். அதற்கு அப்பால் சல்லி முத்துமாரியம்மன் கோயில். நிலாவெளி வீதிப் பக்கம் திரும்பினால் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம். இளம் வயதினரின் பெயர்களைப் படிக்கையில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

முழங்கால் வலியுள்ள அம்மம்மாவோடு வருபவர்களுக்கு உப்புவெளியே நல்லது. ஆனால் கரையில் நிழல் குறைவு, விடியலிலேயே புறப்படுங்கள். மார்கழியில் கடல் கொந்தளிக்கும், அப்போது கோணமலைதான்.