பெர்டிக்ஸ் 2 டைவ் கம்ப்யூட்டர்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு, ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைக் காணச் செல்பவர்கள் ஒரு கருவியை வாங்குமுன் பார்க்க வேண்டியது, அதை ஊரிலேயே பராமரிக்க முடியுமா என்பதைத்தான். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி சென்று சேர்ந்தால்தான் ஒரு டைவிங் நிலையத்தையே பார்க்க முடியும் என்ற நிலையில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எப்படிப் பாதுகாப்பாக மேலேற வேண்டும் என்று காட்டும் கருவியான, ஷியர்வாட்டர் நிறுவனத்தின் பெர்டிக்ஸ் 2 எனக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் அதே டபுள் ஏ பேட்டரி ஒன்று இதற்குப் போதும். ஒரு நாணயத்தைக் கொண்டே மூடியைத் திறந்து மாற்றிவிடலாம். கிரானைட் தூசி பறக்கும் நம் ஊரில், மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பார்த்த பிறகே மூட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு சிறு துகள்கூட உள்ளே நீர் புக வழிவிடும்.

இக்கருவியின் உண்மையான மதிப்பு மட்டக்களப்புக் கடலில் தெரிந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் அங்கே சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ 183 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது ஒரு கல்லறை என்ற நினைவோடுதான் அங்கே இறங்க வேண்டும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு வகுக்கப்பட்ட எல்லை 40 மீட்டர் என்பதால், இது முறையான தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய இடம்.

அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 6.3 மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மது அருந்தியதுபோல் அறிவை மங்கச் செய்வதோடு, காற்றின் அடர்த்தியும் கூடி மூச்சு விடுவதே கடினமாகிறது. ஆகவே 21 சதவீத ஆக்சிஜனும் 35 சதவீத ஹீலியமும் கலந்த ட்ரைமிக்ஸைப் பயன்படுத்துகிறோம். அப்போது 53 மீட்டரில் உணரும் மயக்கம், காற்றோடு 31 மீட்டரில் இருப்பதற்கு ஈடாகக் குறைகிறது. குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. அதனால்தான் திரையின் தெளிவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆழம், கடந்த நேரம், அடுத்த டிகம்ப்ரஷன் நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் தங்க வேண்டிய ஆழம்), மேலே சென்றடையத் தேவையான மொத்த நேரம் ஆகியவை பெரிய எண்களில் தெரிகின்றன. வேறொரு வாயுவுக்கு மாற வேண்டிய ஆழம் வந்ததும் தற்போதைய வாயுவின் எண் மஞ்சளாகிறது. நிறுத்தத்தைத் தாண்டி மேலே போனால் ஆழத்தின் எண் சிவப்பில் மின்னுகிறது. மங்கிய அறிவுக்கு நிறம் சொல்வது எண் சொல்வதைவிட விரைவில் எட்டுகிறது.

கணக்கீட்டுக்கு அடிப்படை, சூரிச்சைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் பூல்மனின் மாதிரி. உடல் திசுக்களை, வாயுவை வேகமாக உள்வாங்குவன முதல் மெதுவாக உள்வாங்குவனவரை, 16 பிரிவுகளாக அது கொள்கிறது. எவ்வளவு எச்சரிக்கையோடு மேலேற வேண்டும் என்பதைக் கிரேடியன்ட் ஃபேக்டர் எனப்படும் இரண்டு எண்களால் நாமே அமைக்கலாம். தொழில்நுட்ப டைவிங்குக்கான டெக் முறையில் இது 30/70 என்ற அமைப்போடு வருகிறது. கணக்கை மறைத்துவைக்காமல், பயன்படுத்துபவரிடமே பொறுப்பைத் தரும் இந்த அணுகுமுறையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் அந்தப் பொறுப்பின் கனத்தை உணராதவருக்கு இது ஆபத்தானதும்கூட. சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. நாம் பதிந்ததையே நம்புகிறது. மேலும், பட்டியலில் இயக்கநிலையில் உள்ள எல்லா வாயுக்களையும் நாம் பயன்படுத்துவோம் என்று கொண்டே மேலேறும் நேரத்தைக் கணக்கிடுகிறது. முந்தைய பயணத்துக்காகப் பதிந்த ஆக்சிஜன், பட்டியலில் அப்படியே இருந்து, இம்முறை அந்தச் சிலிண்டர் உடன் வராவிட்டால், திரை காட்டும் நேரம் உண்மையில் தேவைப்படுவதைவிடக் குறைவாக இருக்கும். 21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸுக்கும், 6 மீட்டரில் தூய ஆக்சிஜனுக்கும் மாறும் திட்டத்தைத் தண்ணீர்புகா பலகையில் எழுதி எடுத்துச் செல்வதை இக்கருவி எவ்வகையிலும் தேவையற்றதாக்கவில்லை.

புதுச்சேரியில் 18 மீட்டர்வரை மட்டும் இறங்குபவர்கள் இவ்வளவு பணம் செலவிட வேண்டியதில்லை. எளிய கருவியே போதும். ட்ரைமிக்ஸ் பயிற்சியை நோக்கிச் செல்பவர்கள் இடையில் வேறொன்றை வாங்காமல் நேரே இதை வாங்கலாம்.

நம் பகுதியினருக்கு இன்னொரு செய்தி. கொழும்பிலிருந்து விமானத்தில் பெங்களூரு வந்து, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் வழியாகத்தான் நாம் வீடு திரும்புகிறோம். கடைசியாக நீரிலிருந்து வெளிவந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை இக்கருவி காட்டுகிறது. உயரத்தில் அழுத்தம் குறையும்போது உடலில் எஞ்சிய வாயு குமிழிகளாகக் கூடும் என்பதால், டிகம்ப்ரஷன் டைவிங்குக்குப் பின் அந்த எண் 24 மணி நேரத்தைக் கடக்கும்படி விமானச் சீட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.