உப்புவெளியில் பர்கர் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் கவனம்

போன மாதம் போயா (பௌர்ணமி) அன்று இரவு, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு பர்கருக்கும் இரண்டு தேசிக்காய்த் தண்ணீருக்கும் 8,700 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு பொய் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. சீசன் முடிய நாள் இருக்கிறது, கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. அதே வரிசையில் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்படியான கடையை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். ஸ்கார்பரோவில் ஒரு பர்கர் கடையில் மூன்று வருடம் அடுப்புத் தட்டுக்கு முன்னால் நின்றவன். கோணேசர் கோவிலுக்குப் போனான், கன்னியாவில் வெந்நீர் ஊற்றிக் குளித்தான், புறாத்தீவுக்குப் போய் முதுகு உரிய வெயில் வாங்கி வந்தான். ஐந்தாம் நாள் மெல்லக் கேட்டான், "மாமா, இங்க நல்ல பர்கர் எங்க கிடைக்கும்?"

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது. நான் வெளியில் சாப்பிடுவேன் என்பது மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஆகவே "காத்து வாங்கப் போறம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அப்பா உயிரோடு இருந்திருந்தால், பர்கர் தேடுகிறோம் என்றதும் பாலையூற்றுப் பக்கம் கையைக் காட்டியிருப்பார். பறங்கியர் இருக்கிற இடம் அது, அவர்களையும் ஆங்கிலத்தில் Burgher என்றுதான் சொல்வார்கள். எழுத்து வேறு, காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் இரண்டு நாள் நகரத்துக்குள் தேடினோம். பேக்கரிகளில் பர்கர் என்று கிடைப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். இனிப்புப் பணிஸை நடுவே வெட்டி, பொரித்த கோழி வட்டம் ஒன்று, சீவிய கோவா (முட்டைக்கோஸ்), மயோனைஸ், மேலே தக்காளி சோஸ். மருமகன் ஒன்றைத் தின்று முடித்துவிட்டு, "இது வேற சாமான் மாமா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றான். எனக்கும் அதில் குறை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

மூன்றாம் நாள்தான் உப்புவெளி. கடற்கரைப் பக்கம் ஒரு பலகை. தினமும் அரைத்த மாட்டிறைச்சி, கையால் தட்டியது என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு படம். சீஸ் உருகி வழிகிறது, தட்டின் ஓரத்தில் சிப்ஸ் குவியல், கீழே 1,950 ரூபாய். மருமகன் பலகையை இரண்டு தரம் வாசித்தான். கையால் தட்டியது என்ற சொல்தான் அவனைப் பிடித்தது.

மேசைக்கு வந்த பையனிடம் இறைச்சி எப்போது அரைத்தது என்று கேட்டான். பையன் முழித்தான், உள்ளே போனான், பொறுப்பாக நிற்கிறவர் வந்தார். "இண்டைக்குக் காலமைதான் அரைச்சது தம்பி. பிரிஜ்ஜில வச்சு எடுக்கிற பழக்கமே எங்களுக்கு இல்ல." சொல்லும்போது அவருக்குப் பின்னால், கடலுக்கு மேலே, பெரிய மஞ்சள் நிலவு எழும்பிக்கொண்டிருந்தது. நான் நிலவை ரசித்துக்கொண்டு இருந்தேன். மூளை வேலை செய்யவில்லை.

தட்டு வர ஐம்பது நிமிடம். இத்தனைக்கும் எங்களைத் தவிர இரண்டு மேசைதான்.

மருமகன் கடிக்கவில்லை. மேல் பணிஸைத் தூக்கி வைத்துவிட்டு இறைச்சி வட்டத்தை விரலால் திருப்பினான். "மாமா, ஓரத்தைப் பாருங்க." சில்லறைக் காசு மாதிரி ஒரே வட்டம், ஒரு வெடிப்பு இல்லை. கையால் தட்டினால் ஓரம் கிழிந்து, ஒழுங்கில்லாமல்தான் இருக்குமாம். மேலே சின்னச் சின்னத் துளைகள், வரிசை தப்பாமல். பக்டரியில் அச்சில் அடித்து, சீக்கிரம் வேகட்டும் என்று போடுகிற துளை அது. பிறகு நடுவே பிய்த்து என் விரலை வைக்கச் சொன்னான். சில்லென்று இருந்தது. ஓரம் சூடு, நடு குளிர். உறைந்த கட்டி இளகும் முன்பே இறக்கிவிட்டார்கள்.

நான் அதற்குள் இரண்டு வாய் தின்றிருந்தேன். "வைங்க மாமா" என்று தட்டைத் தள்ளினான். முழுத்துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில் இருக்கும், மேலே சுட்டால் போய்விடும். அரைத்தால் அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் அரைத்த மாட்டிறைச்சி நடுவிலும் 71 பாகை செல்சியஸ் சூடு வரவேண்டும் என்பது கனடாவில் விதி மாதிரியாம், அவன் வேலை செய்த கடையில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்களாம்.

இன்னொன்றும் கவனித்தேன். அழுத்தினால் ரப்பர் போலத் துள்ளியது. உப்பை முன்கூட்டியே இறைச்சியோடு போட்டுப் பிசைந்தால் புரதம் இளகி ஒட்டி, சொசேஜ் மாதிரி ஆகிவிடும். நல்ல பர்கருக்கு உப்பு, அடுப்புத் தட்டில் போடுகிற நிமிடத்தில், மேலே மட்டும்.

அப்போதுதான் மருமகன் சும்மா கேட்டான், "இண்டைக்கு என்ன லீவு மாமா? வரக்குள்ள மார்க்கெட்டில இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு." நிமிர்ந்து நிலவைப் பார்த்தேன். முழு வட்டம்.

வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரச விடுமுறை. அன்று சாராயக்கடை பூட்டு, இறைச்சிக்கடை பூட்டு, மாடு வெட்டுகிற மடுவமும் வேலை செய்யாது. போயா அன்று காலையில் புதிதாக வாங்கி அரைத்த மாட்டிறைச்சி எங்கே இருந்து வரும்?

பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில், நேற்று வாங்கி இன்று அரைத்தது என்றார். பிரிஜ் பழக்கம் இல்லை என்றீர்களே என்றேன். கொழும்பிலிருந்து வருகிற இறைச்சி என்றார். இந்தத் துளை என்ன என்று மருமகன் காட்டினான். "மெசின்ல அடிக்கிறது தம்பி, எல்லாரும் இப்படித்தான்." கால் மணி நேரத்தில் மூன்று கதை. கடைசியில், வேண்டுமென்றால் திரும்பச் சுட்டுத் தருகிறேன் என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அது மாட்டிறைச்சியே இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், எனக்குத் தெரியாது. உறைய வைத்த இறைச்சி விற்பதும் குற்றம் இல்லை. அப்படி எழுதி, அதற்கு ஏற்ற விலை போட்டிருந்தால் தின்றுவிட்டுப் போயிருப்போம்.

அப்புறம் பில். கொப்பித் தாளில் பேனையால் எழுதியது. பர்கர் இரண்டு 3,900. படத்தில் வழிந்த சீஸ் தனிக்கணக்கு, 700. படத்தில் குவிந்திருந்த சிப்ஸும் தனிக்கணக்கு, 1,200. தேசிக்காய்த் தண்ணீர் இரண்டு 900. மொத்தம் 6,700, அதற்குச் சேவைக் கட்டணம் பத்து வீதம் 670. அதோடு நிற்கவில்லை, வற் (VAT வரி) பதினெட்டு வீதம் என்று 1,326 ரூபாய் சொச்சம். கூட்டிச் சில்லறையை மேலே தூக்கி 8,700.

பக்கத்து மேசை எங்களைப் பார்க்கிறது, மருமகன் விருந்தாளி, எனக்கு வெட்கம். கொடுத்துவிட்டேன். அந்த வெட்கத்தை நம்பித்தான் இப்படிப் பில் போடுகிறார்கள் என்பது மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு விளங்கியது. தாளைத் திரும்பக் கேட்டு வாங்கியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்தியான வேலை. அதையும் தர மனமில்லாமல் தந்தார்.

வற் விஷயம் பலருக்குத் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. அடுத்த நாள் கணக்காளராக இருக்கும் நண்பரிடம் தாளைக் காட்டினேன். முதலில் வற் இலக்கம் எங்கே என்று கேட்டார். வற் பதிவு செய்த கடைதான் அந்த வரியை எடுக்கலாம், எடுத்தால் பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். கொப்பித் தாளில் இலக்கமும் இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. அந்த 1,326 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகும் என்று நினைக்கிறீர்களா?

பிறகு 1977க்கு எடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும், பொருளைப் பற்றிப் பிழையாகச் சொல்லி விற்கக்கூடாது. வேகாத இறைச்சி பற்றி அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னேன்.

நீங்கள் போவதானால், உட்காரும் முன்பே படத்தைக் காட்டி, இதில் இருக்கிற எல்லாம் இந்த விலைக்கா என்று கேளுங்கள். வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்றும் கேளுங்கள். தட்டு வந்ததும் பணிஸைத் தூக்கி ஓரத்தைப் பாருங்கள், நடுவைப் பிய்த்துத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. போயா அன்று "இன்று அரைத்தது" என்று யாராவது சொன்னால் எழும்பிவிடுங்கள்.

மருமகனின் ஆசை மட்டும் வீண்போகவில்லை. இரண்டு நாள் கழித்துச் சந்தையில் இறைச்சிக்கடை நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் இறைச்சி வாங்கினோம். எங்கள் ஊர் மாட்டில் கொழுப்புக் குறைவு, தனியே அரைத்தால் காய்ந்துபோகும், கொஞ்சம் கொழுப்பும் கொண்டு போங்கள் என்று அவரே வெட்டித் தந்தார். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்பது மருமகனின் கணக்கும். கிண்ணியாவில் நண்பன் வீட்டுக் கொல்லையில், ரொட்டிக்கல் புகை கக்கும்வரை காயவைத்து, உருண்டையைப் போட்ட உடனே கரண்டியால் தட்டையாக அமத்தினான். அடி கருகாமல் கருஞ்சிவப்பாகப் பொறுக்குப் பிடித்தது. பேக்கரிப் பணிஸ், வெங்காயம், வேறு ஒன்றும் இல்லை. நான் மூன்று தின்றேன்.

முறைப்பாடு கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று அந்தப் பக்கம் போனேன், பலகை அப்படியே இருக்கிறது. விலை மட்டும் 2,100 ஆகியிருக்கிறது.